களிமண்ணில் உயிர்வேலி: மூன்றாவது தடவையில் பிடித்த நொச்சி

போன வாரம், ஊர் ஊராக ஆடு ஓட்டி மேய்க்கிற கீதாரிகளின் கிடை ஆடுகள் எங்கள் தெரு வழியாகப் போயின. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட (ராத்திரி ஆடுகளை அடைத்து வைக்க) ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வருகிறவர்கள்தான், முந்நூறு உருப்படிக்குக் குறையாது. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே போல் வந்தபோது எங்கள் கொல்லையில் முளைத்திருந்த எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் மொட்டை அடித்துவிட்டன. இந்தத் தடவை வேலி ஓரமாகவே மூக்கை நீட்டிக்கொண்டு இருநூறு அடியும் நடந்து, ஒன்றுகூட உள்ளே வராமல் போய்ச் சேர்ந்தன. அன்றைக்குச் சாயங்காலமே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் இடம் கொரடாச்சேரிக்கும் திருவாரூருக்கும் நடுவே, மொத்தம் 30 சென்ட், தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் 200 அடி. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அங்கே இருந்த பழைய பூவரசு வரிசை வேரோடு சாய்ந்தது. அதன் பிறகு இரண்டு வருஷம் தென்னை மட்டை, மூங்கில் படல் என்று ஓட்டினோம். கம்பி வேலிக்குக் கேட்ட விலையில் மனசு வரவில்லை, கல்சுவர் பார்வைக்கே பிடிக்கவில்லை. உயிர்வேலிதான், அதாவது செடிகளையே நெருக்கி நட்டு வளர்க்கிற வேலிதான், என்று முடிவு செய்தது 2020இல்.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாத் தப்பும் அதில்தான் தொடங்கியது. ஈரமாக இருக்கும்போது ஒரு கை எடுத்து உருட்டி, கயிறாகத் திரித்து, வளையல் மாதிரி வளைத்தால் விரிசல்கூட விடாது. ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன், அடியில் ஒரு விரல்கடை மணல் உடனே இறங்கியது, மேல் தண்ணீர் இரண்டு நாள் கழித்தும் தெளியவில்லை. சித்திரையில் கடப்பாரை எகிறும், கார்த்திகையில் செருப்பு மண்ணோடு போய்விடும். இரண்டுக்கும் நடுவே வேலை செய்யத் தோதான நாட்கள் வருஷத்தில் மொத்தமாக ஒரு மாதம் தேறினால் அதிகம்.

முதல் முயற்சி கிளுவை. காங்கேயம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போயிருந்தபோது அங்கே கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை)ச் சுற்றி முள்கிளுவை வேலி பார்த்தேன். குச்சிக்குக் குச்சி பின்னி, கோழிக்குஞ்சு நுழையாது. போத்து (ஊன்றி வேர் பிடிக்க வைக்கிற கிளைத் துண்டு) 15 ரூபாய் என்று 300 போத்து, மூன்றடி நீளத்தில் வெட்டி வாங்கி டாடா ஏஸில் ஏற்றி வந்தேன். போத்துக்கு 4,500, வண்டிக்கு 5,500, நட்ட ஆட்களுக்கு 2,400. உரக்கடையில் களிமண் என்று சொன்னதும் ஜிப்சம் போடச் சொன்னார்கள், இரண்டு மூட்டை 600 ரூபாய். ஆக 13,000 ரூபாய்.

2020 அக்டோபரில் நட்டேன். மழை வரப்போகிறது, அதுவே தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் துளை போட்டு இறக்கினோம். இரண்டே வாரத்தில் துளிர் வந்தது. வீட்டில் எல்லோரும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நவம்பர் கடைசியில் நிவர் புயல், அடுத்த வாரமே புரெவி புயல். புரெவியின் மழையில் வேலிக்கால் முழுக்கக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, வடிய ஒன்பது நாள் ஆனது. துளிர் எல்லாம் அப்படியே தொங்கியது. ஒரு போத்தைப் பிடுங்கினால் சுலபமாக வந்தது, அடியில் ஒரு சாண் அளவுக்குக் கறுத்து, பட்டை வழுக்கிக்கொண்டு கழன்றது, சாக்கடை நாற்றம். ஒரு வேர் இல்லை. முதலில் வந்த துளிர் போத்துக்குள் இருந்த சாறு தந்தது, வேர் தந்தது இல்லை. போத்தில் இலை வந்தால் பிடித்துவிட்டது என்று நினைக்கக்கூடாது என்பதை 300 போத்து கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பொங்கலுக்குள் 288 போய்விட்டது, மிச்சம் 12 நின்றது கேட் ஓரம், வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் ஜல்லி மேட்டில்.

அந்த ஜல்லி மேடு அன்றைக்கே எனக்குப் பதிலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. மேடு என்று படிக்காமல் ஜல்லி என்று படித்தேன். மண்ணை மாற்றினால் போதும் என்று முடிவு கட்டினேன்.

அதனால் இரண்டாவது முயற்சி குழி. 2021 ஆடியில் இரண்டரை அடிக்கு ஒன்றாக 80 குழி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. குழி ஒன்றுக்கு 25 ரூபாய் கூலி. வல்லம் பக்கத்துச் செம்மண் இரண்டு டிராக்டர் 6,000 ரூபாய்க்கு இறக்கி, வீட்டு எருவோடு கலந்து நிரப்பி, களாக்காய் 40, மருதாணி 40 என்று பை நாற்று நட்டேன், நாற்று 20 ரூபாய். மொத்தம் 9,600. மூன்று மாதம் பிரமாதமாக வந்தது, களா ஒரு முழம் ஏறிவிட்டது. நவம்பர் மழைக்கு, அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கொட்டியது ஞாபகம் இருக்கும், எல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது.

இந்தத் தடவை பார்த்துக்கொண்டே இருந்ததால் காரணம் புரிந்தது. மழை விட்டு நாலாவது நாள், தரையில் தண்ணீர் இல்லை. ஆனால் ஒரு குழியில் கையை விட்டால் நாலு விரல் ஆழத்திலேயே தண்ணீர். பக்கத்துக் களிமண் தண்ணீரை உறிஞ்சாது, தன்மேல் விழுந்ததை எல்லாம் வழித்து, இளகிய மண் இருக்கிற குழிக்குள் விட்டுவிடுகிறது. நான் தோண்டியது 80 அண்டா. செம்மண் நல்ல மண்தான், அண்டாவுக்குள் இருந்தால் எந்த மண்ணும் சேறுதான். அப்புறம் தை மாதத்தில் வெறுமனே ஒரு சோதனை செய்தேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: ஒரு அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, அளவுகோலை உள்ளே நிறுத்தி வைத்தேன். 24 மணி நேரம் கழித்து ஏழு அங்குலம் இன்னும் நின்றது. அதே நேரத்தில் மண் பரிசோதனைக்கும் கொடுத்தேன். பிஎச் 7.8, உப்பும் கிடையாது. ஜிப்சம் களர் மண்ணுக்கு (சோடியம் ஏறிக் கெட்ட மண்ணுக்கு) உதவுகிற சரக்கு, என் மண் களர் இல்லை, வெறும் களி. அந்த 600 ரூபாய் வேஸ்ட்.

சரி, மண்ணை மாற்ற முடியாது, தண்ணீர் நிற்கிற உயரத்துக்கு மேலே வேரைத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வரப்புப் போடுவது என்று முடிவு செய்தேன். வரப்பில் எதுதான் வளரவில்லை இந்த ஊரில்?

அளவு: அடியில் நாலடி அகலம், மேலே இரண்டரை அடி, உயரம் இரண்டடி, நீளம் 200 அடி. அதற்கான மண் வேலிக்கால் இரண்டு பக்கமும் மூன்றடி அகலத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்தது, எடுத்த இடமே வடிகால். வடிகால் கடைசியில் கொல்லைப்புற வாய்க்காலில் போய் விழ வேண்டும். கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) இரவல் வாங்கி, 50 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, மொத்தத்துக்கு ஆறு அங்குலம் வாட்டம் (சரிவு) வருகிற மாதிரி நூல் கட்டினேன். இதற்கு ஒரு முழு நாள் போனது. கண்ணால் பார்த்தபோது தெற்குப் பக்கம்தான் பள்ளம் என்று சத்தியம் செய்திருப்பேன், டியூப் லெவலில் வடக்குதான் நாலு அங்குலம் பள்ளம். வாட்டத்தை மட்டும் கண்ணை நம்பிப் போடாதீர்கள்.

வேலை 2022 மே மாதம். மண் காய்ந்து கட்டி கட்டியாக இருக்கும்போதே ஜேசிபி விட்டு எடுத்துப் போட வேண்டும், கட்டிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், வெயிலிலும் மழையிலும் அது தானாக உதிர்ந்து பொடியாகும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12க்குப் பிறகுதான் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று நான் மெத்தனமாக இருந்தேன். அந்த வருஷம் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 27ஆம் தேதி கல்லணை. 160 அடி முடித்திருந்த நிலையில் வண்டி வேறு வேலைக்குப் போய், திரும்பி வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்து மீதி 40 அடியும் ஊறிப்போயிருந்தது. டிரைவர், "ஈரமா இருக்கு சார், அப்புறம் பாப்போமா?" என்று கேட்டார். நான்தான் முடித்துவிடச் சொன்னேன். பக்கெட்டால் அள்ளி வைத்த ஈரக்களி அப்படியே பாளம் பாளமாக உட்கார்ந்து, காய்ந்ததும் பச்சைச் செங்கல் மாதிரி இறுகியது. அந்த 40 அடி இன்றைக்கும் சரியாகவில்லை.

இன்னொரு தப்பு, மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கச் சொல்லவில்லை. கீழே இருந்த சாம்பல் நிறக் களி மேலே வந்து, நல்ல மேல்மண் வரப்புக்கு அடியில் போய்விட்டது. முதலில் ஒரு முக்கால் அடியை வழித்து ஓரம் வைத்து, கடைசியில் அதை மேலே போட்டிருந்தால் எரு பாதி மிச்சம்.

வரப்பைக் கட்டிப் போட்டதும் நடவில்லை. ஒரு மழைக்காலம் ஆறப் போட்டேன். ஆடியில் மட்டும் ரைஸ் மில் உமிச்சாம்பல் ஒரு டிராக்டர் (1,200 ரூபாய், அதுவும் ஏற்று இறக்குக் கூலிதான்), தொழு எரு ஒரு டிராக்டர் (2,500) மேலே பரப்பி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்கினோம். சாம்பலை இதற்கு மேல் கொட்டக்கூடாது, அது காரம். மழை முடிந்தபோது இரண்டடி வரப்பு ஒன்றரை அடியாகத் தணிந்திருந்தது, தணிந்த பிறகு நட்டதால் குச்சி எதுவும் அந்தரத்தில் நிற்கவில்லை.

எதை நடுவது, எப்போது நடுவது என்று எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டு அத்தை. நாற்பது வருஷம் நடவுக்குப் போனவர். "கிளுவ, களா எல்லாம் எதுக்கு தம்பி, வாய்க்காங்கரையில நொச்சி மண்டிக் கெடக்கு, தண்ணியிலயும் சாவாது, ஆடும் வாய வைக்காது. வயல்ல உளுந்து தெளிக்கிறப்ப கொண்டாந்து குச்சிய ஊனுங்க" என்றார். இதில் இரண்டாவது பாதிதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இங்கே சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பார்கள். அதற்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, களிமண் பிடித்து வைத்திருக்கிற ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். மழைக்கு முன்னால் நட்டபோது என்னைக் கவிழ்த்த அதே மண், மழைக்குப் பின்னால் இரண்டு மாதத்துக்கு ஈரம் கொடுக்கிறது! ஐப்பசி அடைமழை வரும்போது குச்சிக்கு எட்டு மாத வேர் இருக்கும்.

2023 தை கடைசியில் நடுவதாக இருந்தபோது, பிப்ரவரி முதல் வாரம் பருவம் தப்பிய மழை வந்து, டெல்டாவில் அறுப்புக்கு நின்ற சம்பா எல்லாம் படுத்துவிட்டது. ஊரே துக்கத்தில் இருந்தது. அதற்கு நடுவில் நான் என் வரப்பைப் பார்க்கப் போனது நெருடலாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். ராத்திரி விட்ட மழைக்கு வடிகால் காலையில் ஓடிக்கொண்டிருந்தது, வரப்பின் மேல் கை வைத்தால் ஈரம், சேறு இல்லை. பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை நட ஆரம்பித்தோம். மண் பதம் பார்த்தது இப்படி: ஒரு பிடி எடுத்து இறுக்கி, கட்டைவிரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர வேண்டும். விரல் பதிந்து குழி விழுந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

தெருப் பக்க வரிசை நொச்சி, உள் வரிசை ஆடாதொடை. பேரிலேயே ஆடு தொடாது என்று இருக்கிறதே. வரிசைக்கு வரிசை ஒன்றேகால் அடி, குச்சிக்குக் குச்சி ஒன்றரை அடி, எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி. வரிசைக்கு 133, ஆக 266. நொச்சி சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் பருமன் வரை, ஒரு அடி நீளம், நாலு கணு, அதில் இரண்டு மண்ணுக்குள். ஆடாதொடை அதைவிடச் சின்னது, எட்டு அங்குலம். அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டிக்கொண்டால் தலைகீழாக ஊனுகிற தப்பு நடக்காது. குச்சியை அடித்து இறக்கக்கூடாது, பட்டை உரியும். பழைய சைக்கிள் ஸ்போக்கை நாலைந்து சேர்த்துக் கட்டித் துளை போட்டுப் பார்த்தேன், வளைந்துவிட்டது. அரை அங்குலக் கட்டடக் கம்பி ஒரு முழம் வெட்டி, தலையில் டி மாதிரி பற்றவைத்து வாங்கினேன், வெல்டிங் கடையில் 80 ரூபாய். இந்த வேலையில் என்னிடம் இருந்த உருப்படியான ஆயுதம் அதுதான். துளையின் பக்கச்சுவர் வழுவழுப்பாகிவிட்டால் வேர் அதைத் துளைக்காது, அதனால் கம்பியை இறக்கியதும் நாலு பக்கமும் ஆட்டி, குச்சியை வைத்து, உமிச்சாம்பல் கலந்த மண்ணால் மூடி, காலால் மிதிக்காமல் கையால் மட்டும் அமுக்கினோம். சுற்றிலும் நாகப்பட்டினத்திலிருந்து வாங்கிய பழைய மீன்வலையை 1,500 ரூபாய்க்குக் கட்டினோம், ஆடு தின்னாவிட்டாலும் மாடு மிதிக்கும்.

மாசி முழுக்கத் தண்ணீரே விடவில்லை. பங்குனியிலிருந்து வாரம் ஒரு தடவை, மூன்று குச்சிக்கு ஒரு குடம். சித்திரையில் ஒரு பிரச்சினை. வரப்பின் நடுவில், இரண்டு வரிசைக்கும் இடையே, விரல் நுழைகிற வெடிப்பு நீளவாக்கில் ஓடியது. உள்ளே பார்த்தால் அறுந்த வெள்ளை வேர்கள் தெரிந்தன. களிமண் காய்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது வேரை இழுத்து அறுக்கும், இதை நான் எதிர்பார்க்கவில்லை. கருக்காயும் (பதர் நெல்லும்) சாம்பலும் கலந்து வெடிப்பில் கொட்டிக் குச்சியால் குத்தி நிரப்பி, வைக்கோல் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டேன், 20 கட்டு 800 ரூபாய். அதோடு வாரம் ஒரு தடவை நிறைய விடுவதை நிறுத்தி, நாலு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமாக விட்டேன். பத்து நாளில் புது வெடிப்பு நின்றது. மூடாக்கை நட்ட அன்றைக்கே போட்டிருக்கலாம். ஆனால் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் தள்ளி. வைக்கோலுக்குள் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், கை விடுவதற்கு முன்னால் ஒரு கம்பால் தட்டுங்கள்.

ஆனி முடிவில் எண்ணினேன். 266இல் 47 செத்திருந்தது. அதில் 30 அந்த ஈர மண் போட்ட 40 அடியில், அங்கே நட்டதே 53தான். மீதி 160 அடியில் 213க்குப் 17. அந்த ஒரு கணக்கு மட்டும் நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

கவாத்தில்தான் அடுத்த தப்பு. நொச்சி நன்றாக ஏறியதைப் பார்த்து ஆசையில் வெட்டாமல் விட்டேன். 2023 கார்த்திகையில் ஆறடி, மேலே குடை மாதிரி இலை, கீழே இரண்டடிக்கு வெறும் குச்சி. ஆடு தின்னவில்லை, ஆனால் இடுக்கில் நுழைந்து உள்ளே இருக்கிற கீரைப்பாத்திக்குப் போய்விட்டது. 2024 ஜனவரி முதல் பாதியில் பெய்த கனமழை நின்றதும், மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் தரையிலிருந்து ஒரு அடிக்கு வெட்டினேன். அரிவாள் வேண்டாம், நுனி சிதறுகிறது, கவாத்துக் கத்தரி 450 ரூபாய் போட்டு வாங்கினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே நாலைந்து கிளை வந்தது. அது ஒன்றரை அடி நீண்டதும் பாதிக்கு வெட்டினேன், மறுபடி நீண்டதும் பாதி. வருஷத்துக்கு மூன்று தடவை. அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கிற மாதிரி வெட்ட வேண்டும், அப்போதுதான் கீழ் இலைக்கு வெயில் படும். ஆடாதொடை அடிப்பக்கம் அடர்ந்து நொச்சியின் ஓட்டையை அடைத்தது. வெட்டிய நொச்சித் தழை வீணாகவில்லை, நெல் குதிருக்குள் போட அத்தை வீட்டுக்குப் பாதி, மீதி மறுபடி மூடாக்குக்கு.

2024 நவம்பர் கடைசி வாரம் பெய்த மழைதான் உண்மையான சோதனை. சுற்றிலும் வயல் மூழ்கி, வடிகாலில் முட்டுக்கு மேல் தண்ணீர் மூன்று நாள் நின்றது, வாய்க்காலே நிரம்பி எதிர்த்து வந்தது. வரப்பின் தலை மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது. தண்ணீர் இறங்கிய பிறகு ஆடாதொடையில் கொஞ்சம் இலை மஞ்சளானது, நொச்சிக்கு ஒன்றுமே ஆகவில்லை. நண்டு வளை போட்டு இரண்டு இடத்தில் வரப்பு உள்வாங்கியது, களி மண்ணாலேயே அடைத்து அண்டை கட்டினேன்.

இந்தத் தடவை ஆன மொத்தச் செலவு: ஜேசிபி மூன்றரை மணி நேரம் 4,200, ஆள் கூலி 3,600, சாம்பல், எரு, வைக்கோல், வலை எல்லாம் 6,000. கம்பியும் கத்தரியும் 530. ஆக 14,330 ரூபாய், குச்சிக்கு ஒரு பைசா இல்லை. முந்தைய இரண்டு தடவையில் போனது 22,600.

மறுபடி செய்தால் வரப்பை இவ்வளவு பெரிதாகப் போட மாட்டேன். இரண்டு வடிகாலும் சேர்த்துப் பத்தடி அகலம் போய்விட்டது, 200 அடிக்கு அது நாலரை சென்ட்டுக்கும் மேல். ஒன்றேகால் அடி உயரம், வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு வடிகால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு மழைக்காலம் முளைக்குச்சியில் கோடு போட்டு அளந்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சாண் வைத்தால் சரியாக இருக்கும்.

இப்போது வேலி நெஞ்சளவு, அடியில் மூன்றடி அகலம். அந்த 40 அடி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. போன வருஷம் கடப்பாரையால் நெம்பிப் போட்டு 30 குச்சி மறுபடி ஊனியதில் 14தான் பிடித்தது. இந்தச் சித்திரையில், மேட்டூர்த் தண்ணீருக்கு முன்னால், அந்தத் துண்டை முழுவதும் பிரித்துப் போட்டு வெயிலில் காய வைக்கப் போகிறேன். மழைக்காலம் முழுக்க ஆறட்டும். நடவு அடுத்த தையில், குச்சி இந்த வேலியிலிருந்தே.